பந்த் நாளில் பால்

நாராயணஸ்வாமி எழுந்தார், பல் துலக்கினார், பால் பாக்கெட்டுக்காக வாசலைப் பார்த்தார். பால் வரவில்லை. மைசூரில் அன்று காவிரி பந்த்.

தமிழ் வாரப் பத்திரிகைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து மாடியில் குடியிருக்கும் தர்ஷிகாவைக் கூப்பிட்டார்.

"வெளியில தமிழ்ல மூச்சு விடாதேம்மா. ஊர்வலத்துக்காரங்க காதுல விழுந்தா வம்பு."

"சரி அங்கிள். நான் பால் வாங்கிக்கொண்டு வாறன்."

தடுப்பதற்குள் போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை. தெருமுனையில் கோஷம் எழும்போதெல்லாம் அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்தார். ஒருவழியாக, கொடி கட்டிய பைக்கிலிருந்து இறங்கி, பாலோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"தமிழ் பேசலியே?"

"ஒரு சொல்லும் இல்லை, அங்கிள். வீட்டுக்காரர்தான் தமிழர், பயத்தில உள்ளுக்கே இருக்கிறார் எண்டு இங்கிலிஷிலதான் சொன்னனான். உங்களைப் பாக்க வேணுமாம், வாசலில நிக்கினம்."