ஞாயிற்றுக்கிழமைப் பருந்துகள்

"ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. பருந்துக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?"

மேலதிகாரி குன்றேறி, மரக்கோபுரத்தின் படியும் ஏறி, மூச்சிரைக்கக் கேட்டார். பருந்து எண்ணுகிறவர் மூன்றுகால் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியொரு கடமை வீரர்!

"தெரியாது சார்."

"அப்ப இது எப்படி? குளிருக்குப் பயந்து தெற்கே போற பறவைங்க, வெயில் சுள்ளுன்னு ஏறும்போதுதான் கூட்டமா மேலே கிளம்பும். மத்த குன்றுல எல்லாம் அப்ப எண்ண முடியாம திண்டாடுறாங்க. உங்ககிட்ட மட்டும் அந்த நேரத்துல தினமும் சரியா ஒரு கால் மணி நேரம் ஒண்ணுகூட வர்றதில்ல. ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் பட்டாளமா வருது!"

ஒரு பறவைக்கு ஒரு தட்டு தட்ட வேண்டிய கிளிக்கர், எண்ணுகிறவரின் உள்ளங்கையில் சும்மா கிடந்தது.

மேலதிகாரிக்குக் கத்தத் தெரியுமே தவிர, கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுப் பிரச்சினை என்னாச்சு?"

"தீர்ப்பு வந்துடுச்சு சார்."

"குழந்தை? லீவு விட்டா உங்க கூடவே வந்து இங்க நிக்குமே?"

"அவங்கம்மாகிட்ட. நான் போய்ப் பாக்கக் கூடாது."

ரேடியோவில் வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாடும் அப்படித்தான், திட்டும் அப்படித்தான்.

மேலதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது.

"சரி விடுங்க. நாளைலேருந்து ஏரிப் பக்கத்துக் குன்றுக்குப் போங்க. அங்க பறவையும் அதிகம், மனசுக்கும் ஒரு மாறுதலா இருக்கும். இங்க வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"வேணாம் சார்." முதல்முறையாக அந்தக் குரல் ஆடியது. "இந்தக் குன்றையும் எடுத்துடாதீங்க."

"அப்படி இங்க என்னதான் இருக்கு?"

கேட்டுவிட்டு மேலதிகாரி அண்ணாந்தார். தலைக்கு நேர் மேலே இருபது முப்பது பருந்துகள் ராட்டினம்போலச் சுற்றிச் சுற்றி உயர்ந்துகொண்டிருந்தன. கிளிக்கரில் ஒரு தட்டுகூட விழவில்லை.

அப்போதுதான் அவர் தொலைநோக்கியைச் சரியாகப் பார்த்தார். வானத்தைப் பார்க்க வேண்டிய அதன் மூக்கு, கீழே ஊரைப் பார்த்துக் குனிந்திருந்தது.

"தள்ளுங்க" என்று அவரை ஒதுக்கிவிட்டுக் கண்ணை வைத்தார்.

ஒரு பள்ளிக்கூட மைதானம். இடைவேளை போலிருக்கிறது. பிள்ளைகள் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை கூச்சலில் ஒரு துளிகூட இவ்வளவு உயரத்துக்கு எட்டவில்லை.

சுவரோரம் ஒரு சிறுமி மட்டும் விளையாடாமல் நின்றாள். இரண்டு கைகளையும் குழலாகச் சுருட்டிக் கண்களில் வைத்து, குன்றின் உச்சிக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகளை இறக்கி, வானத்திலிருந்து பார்வையை எடுக்காமலே ஒவ்வொரு விரலாக மடக்கினாள். விரல்கள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

மேலதிகாரி மெல்ல நிமிர்ந்தார்.

"யாரு அது?"

"என் பொண்ணு சார். நான் விட்டதை அவ எண்ணுவா."