உள்ளே நின்று அடித்த ஆணி

குன்னூர் பங்களாவின் முன்னறைச் சுவர் முழுக்கத் தேக்குப் பலகை. மருந்துக்குக்கூட ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மூங்கில் ஆணி. ஒரு பலகையைத் தட்டினால் மட்டும் பின்னால் காலி இடம் ஒலித்தது. அதைக் கழற்றி அங்கே அலமாரி வைத்துத் தரச் சொல்லியிருந்தாள் வீட்டுக்காரி ரேச்சல்.

குழந்தைவேல் ஆசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூங்கில் ஆணிக்கு ஒரு முனை தடிமன், மறுமுனை ஒல்லி. தடித்த முனை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் நின்றுதான் அடித்திருப்பார்கள். மற்ற பலகைகளில் தடித்த முனை அறையைப் பார்த்திருந்தது. இதில் நான்கு ஆணியும் ஒல்லி முனையைக் காட்டின.

"உள்ள நின்னு அடிச்சிருக்காங்கம்மா."

"உள்ளயா? பின்னாடி கருங்கல் சுவராச்சே. கதவே கிடையாது."

"அதான் பாக்குறேன். மூடினவன் எப்படி வெளிய வந்தான்?"

"நல்ல ஆளு நீங்க," என்று சிரித்தபடி ரேச்சல் டீ போடப் போனாள்.

ஆசாரி ஒல்லி முனையில் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஆணி உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. இரண்டாவதும் போனது, அதுவும் விழவில்லை. மூன்றாவதை அடித்துவிட்டுப் பலகையில் காதை வைத்தார். யாரோ உள்ளங்கையில் வாங்கிக்கொண்டதுபோல் அமைதி.

சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வெறுமையாயிருந்த முதல் துளையில் ஒல்லி முனை மெல்ல எட்டிப் பார்த்தது.

சமையலறையிலிருந்து ரேச்சல் கூப்பிட்டாள்.

"இன்னும் தட்டிக்கிட்டே இருக்கீங்களே, போதும் ஆசாரி, டீ ஆறுது."