ஒரு நேரத்தில் ஓர் அறை

பொன்னிலவன் போரூரில் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் ஐந்து அறைகள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும். சமையலறை விரிந்தால் கூடம் சோபாவோடு சுவருக்குள் மடங்கிவிடும். அந்தப் பெருமையை அவன் அளக்கத் தொடங்கினாலே மனைவி மங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெகுநாள் கழித்து அவள் அக்கா திலகா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். அன்றைக்கே திரும்ப ரயில். பேசித் தீர்க்க எவ்வளவோ இருந்தது. உட்கார்ந்து வாய் திறப்பதற்குள் பொன்னிலவன் குறுக்கிட்டான்.

"அண்ணிக்குக் காபி போடு. நாங்க வெளிய நிக்கிறோம்."

மங்கை கூடத்தை மடக்கினாள். தாழ்வாரத்தில் ஏற்கெனவே மற்ற வீட்டு விருந்தாளிகள் நின்றிருந்தார்கள். அவரவருக்கு உள்ளே காபி தயாராகிக்கொண்டிருந்தது.

"ஏன் மாப்ள, ஜெயில்லகூட பாக்க வந்தவங்கள உக்கார வச்சுல்லா பேசவிடுதாவ?" என்றாள் திலகா.

"இடத்தை வீணாக்காத டிசைன் அண்ணி இது!"

மங்கை இரண்டு டம்ளர்களோடு வெளியே வந்தாள். பொன்னிலவன் உள்ளே ஓடினான்.

"வாங்க, பெட்ரூமை விரிச்சிட்டேன்! சுவர் கலர்கூட மாறும்!"

"நீங்களே படுத்து நீங்களே பாத்துக்கோங்க," என்று மங்கை கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுக்கா."