அண்ணனின் குன்று

"கூடப் பிறந்தவனுக்கே குழி பறிச்சிட்டு, எந்த முகத்தோட வந்து நிக்கறே?"

கதவைத் திறந்த அண்ணி, 'உள்ளே வா' என்றுகூடச் சொல்லவில்லை. தங்கை தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அண்ணியின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அண்ணன் ஆறு வருஷமாக ஒரு குன்றைக் கட்டிக்கொண்டு அழுதவன். அதற்குள் வனேடியம் இருக்கிறது என்று நம்பினான். எஃகுக்கு வலுக் கொடுக்கிற, பெரிய பேட்டரிகளுக்கு ஆகிற உலோகம். இருந்த வேலையை விட்டுவிட்டு, நாலு பேரைச் சேர்த்து ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினான்.

அதில் பணம் போடலாமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, தங்கை வேலை பார்க்கும் முதலீட்டு நிறுவனத்துக்கு வந்தது.

"வேற யாரையாவது அனுப்புங்க சார். அது எங்க அண்ணன் கம்பெனி."

"தெரியும். நீதான் போகணும்" என்றார் மேலதிகாரி. கோப்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

நாலு நாள் அந்தக் குன்றிலேயே கிடந்தாள். துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளைப் பெட்டி பெட்டியாகப் புரட்டினாள். ஒன்பது துளையில் மூன்றில்தான் சொல்லிக்கொள்ளும்படி உலோகம். பாறையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்ற சோதனையே நடக்கவில்லை.

'இப்போதைக்கு வேண்டாம். இன்னும் இருபது துளை போட்டு, சோதனையும் முடியட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ரெண்டு வரி கூட்டி எழுதியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சிடும்?" அண்ணி விடுவதாக இல்லை.

"எங்க கம்பெனியில பணம் போட்டவங்கள்ல பாதிப் பேர் பென்ஷன்காரங்க, அண்ணி. தெரிஞ்சே எப்படி எழுதறது?"

உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தான். கையில் அவள் எழுதிய அறிக்கை. ஓரமெல்லாம் பென்சில் கோடு.

அவள் எழுந்துவிட்டாள். "அண்ணா, நான் வந்து..."

"உட்காரு." அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏழாவது துளைப் பாறையில உலோகம் இருக்குன்னு நான் தப்பாப் படிச்சிருக்கேன். அஞ்சு பேர் பார்த்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படலை. நீ பிடிச்சிட்டே. இருபது துளை கேட்டிருக்கியா? இருபத்தஞ்சே போட்டுட்டுக் கூப்பிடறேன், வந்து பாரு."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கு நீங்க மெச்சிக்கறது. போயும் போயும் இவளை அனுப்பினாரே, அந்த மனுஷனைச் சொல்லணும்."

"அவரை ஏன் சொல்றே? என் தங்கச்சி வந்தாத்தான் குன்றுல கால் வைக்க விடுவேன்னு எழுதிக் கொடுத்ததே நான்தான்" என்றான் அண்ணன். "வேற யார் வந்திருந்தாலும் பேசியே மடக்கியிருப்பேன்."