மெதுவாகப் போகும் படகு

படகுத்துறையில் இரண்டு பாய்மரப் படகுகள் அருகருகே கட்டிக் கிடந்தன.

"இந்த வெள்ளை லேசு அண்ணாச்சி. காத்து கெடச்சா ஆறே நாள்ல அந்தமான். பெரிய அலையில மட்டும் போட்டு உருட்டிரும்," என்றார் விற்க வந்த ரொசாரியோ. "பச்சை நல்ல கனம். பத்து நாளாவும். ஆனா கவுந்தாலும் தானா நிமிந்துரும். கூட யாரு வாறா?"

"நான் மட்டுந்தான்," என்றார் கஸ்பார். கப்பல் வேலையிலிருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

ரொசாரியோ சட்டென்று பேச்சை மாற்றி, சுக்கானைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் கருவியைக் காட்டினார். இரண்டு படகிலும் அது இருந்தது. "இத மாட்டிட்டு நீங்க தூங்கலாம். படகு அதுபாட்டுக்குப் போவும்."

"நான் தவறித் தண்ணில விழுந்துட்டா நிக்குமா?"

"எப்படி நிக்கும்? கூட ஆளு இருந்தாத்தான திருப்ப முடியும்."

"ரெண்டுமே போயிருமா?"

"ரெண்டுந்தான் அண்ணாச்சி."

கஸ்பார் இரண்டு படகுகளின் பின்பக்கத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பம் பச்சையே இருக்கட்டும்," என்றார். "விழுந்தாலும் அது போறதக் கொஞ்ச நேரமாவது பாத்துக்கிட்டுக் கெடக்கலாம்."