சபையில் தூங்கியவர்

"அண்ணி, அண்ணன் எந்திரிச்சிட்டாரா, இன்னும் இல்லையா?"

கேட்டுவிட்டு இஸ்திரிக்காரர் தானே சிரித்துக்கொண்டார்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. "அவர் காலையிலேயே தொகுதிக்குள்ள கிளம்பிட்டார். துணியை எடுத்துட்டுப் போங்க தம்பி."

"கோவிச்சுக்காதீங்க. ஊரே பேசுது, நான் பேசினா மட்டும் தப்பா?"

ஊர் பேசத்தான் செய்தது. சட்டசபைக் கூட்டத்தொடரின் கடைசி நாளன்று, மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி மொத்தமும் வெளிநடப்பு செய்தது. மொத்தமும் என்றால், ஒருவரைத் தவிர. தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். அந்தத் துண்டு வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லார் செல்போனுக்கும் வந்துவிட்டது.

அவள் மட்டும் பார்க்கவில்லை. கேட்டதே போதும், பார்த்து வேறு அழ வேண்டுமா?

"குறைஞ்ச வாடகை வீடு, கீழே கடை, கடை போட உதவித்தொகை, எல்லாத்துக்கும் அன்னைக்குத்தான் பணம் ஒதுக்கினாங்க. அண்ணன் எந்திரிச்சு நமக்காக ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றார் இஸ்திரிக்காரர். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. அவர் இருந்த தகரக் கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லி ஓனர் நெருக்கிக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மாவுக்கு ஊசி கோணலாக ஓடியது. பிரித்துத் தைத்தாள்.

மதியம் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கட்சித் தலைவரின் போன் வந்தது. அவர் பேசினால் ஸ்பீக்கர் போடத் தேவையில்லை.

"மானத்தை வாங்கிட்டியேய்யா. அடுத்த தேர்தல்ல உனக்கு சீட்டு கிடையாது."

"சரிங்க தலைவரே. அசந்துட்டேன். நீங்க எல்லாரும் வெளிய போனதே தெரியல."

"தெரிஞ்சே உக்காந்திருந்தா கட்சியை விட்டே தூக்கியிருப்பேன். தூங்கினதால பொழைச்சே."

போனை வைத்ததும் தையல்காரம்மா பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் தெருத்தெருவா அலைஞ்சு சம்பாதிச்ச பேரு. ஒரு தூக்கத்துல போச்சு. என்னால வெளிய தலை காட்ட முடியல."

"தூங்கினதுக்கு ஜெயில்லயா போடுவாங்க? சாப்பாட்டைப் போடு."

சாப்பிட்டார், பாயை விரித்தார், படுத்தார். அவர் குறட்டை விட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய கத்தரிக்கோல் ஆடும். வழக்கம்போலப் பக்கத்து வீட்டு வாத்தியார் சுவரைத் தட்டினார். "சார், கொஞ்சம் திரும்பிப் படுங்க சார்."

தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் சிரிக்கும்போதும் மனுஷனுக்கு இப்படி ஒரு தூக்கமா?

வீடுகள் ஒருவழியாகக் கட்டி முடிந்தன. சாவி கொடுக்கும் நாளில் எல்லாக் கட்சித் தலைவர்களும் மேடையில் இருந்தார்கள். அவருக்கு நாற்காலி போடவில்லை. ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி, பின்னால் நின்று வருகிறவர்களிடமெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இஸ்திரிக்காரருக்கு மாடியில் வீடு, கீழே கடை. புது மேஜையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, தையல்காரம்மாவுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணி, அன்னைக்கு நடந்ததோட முழு வீடியோ இப்பத்தான் கிடைச்சுது. இன்னைக்காவது பாருங்க. சிரிச்சுட்டு விட்டுடலாம்."

நல்ல நாளில் மறுக்க மனமில்லாமல் வாங்கிப் பார்த்தாள்.

எதிர்க்கட்சி வெளியே போகிறது. ஆளுங்கட்சி வரிசையிலும் பாதி காலி. சபை நடத்த ஆள் பத்தாது என்று ஒருவர் எழுந்து சொல்கிறார். எண்ணச் சொல்கிறார் சபாநாயகர். ஊழியர் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் அவள் வீட்டுக்காரரிடம் நிற்கிறார்.

"இவர் தூங்குறாரேங்க ஐயா?"

"தூங்கினாலும் ஆள் ஆள்தான். கணக்கு சரியா வந்துருச்சு. வீட்டுத் திட்டத்துக்கான பணத்தை எடுத்துக்கலாம்."

இஸ்திரிக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா? ஒரு ஆள் குறைஞ்சிருந்தாலும் கூட்டத்தை ஒத்தி வெச்சிருப்பாங்க. கடைசி நாள் வேற, பணம் அப்படியே போயிருக்கும். அண்ணன் தூங்கியே நமக்கு வீடு வாங்கிக் கொடுத்திருக்கார். பாவம், அவருக்கே தெரியாது."

தையல்காரம்மா போனை இன்னும் கிட்டே பிடித்தாள். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க தம்பி."

"முழுச் சத்தம்தான் அண்ணி."

போனைக் காதில் வைத்துக்கொண்டாள். காகிதம் புரட்டுவது கேட்டது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டாள்.

பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தின் பின்பக்கம் பார்த்தாள். வீட்டுக்காரர் இவளைப் பார்த்ததும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி ஊருக்கே சொல்ல வேண்டும் போல இருந்தது. மேடையில் கட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நிறைந்து வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"என்ன அண்ணி, கோவமா?"

"கோவம் என்ன தம்பி? அவர் சரியான தூங்குமூஞ்சி" என்றாள், மேடைக்குக் கேட்கும்படி, தலை நிமிர்ந்து.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் குறட்டை விடாமல் தூங்கியது, அவளுக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான்.