வில்லன் நடை

"இடது காலை இழுத்து இழுத்து நடப்பீங்களே, அந்த வில்லன் நடைய எங்க சார் புடிச்சீங்க?" என்று கேட்டார் நிருபர்.

"தானா வந்துச்சு," என்றேன். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்த நடைதான்.

பேட்டி முடிந்து ஆம்பூர் வீட்டுக்குப் போனதும் எபி அண்ணன் சிரித்தபடி எதிரே வந்தார்.

"பக்கத்துல புதுசா குடிவந்தவங்க இன்னா சொல்றாங்க தெரியுமா? உன் படத்தப் பாத்துட்டுதான் நான் இப்படி நடக்கறேனாம். நீயே சொல்லுப்பா, சரியா நடக்கறனா?"

என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் சினிமா சான்ஸ் கேட்டு முதன்முதலாகச் சென்னைக்கு ரயிலேறிய அன்றுதான், தோல் தொழிற்சாலையில் சுழலும் டிரம்மில் அண்ணனின் கால் சிக்கியது.

அன்று அவர் பார்த்தது என் ஷிஃப்ட்.